முப்பது குழி ட்ரே உடைத்த முட்டைகள் பற்றி மச்சானுக்கு

நாமக்கல்,
3-12-1989, ஞாயிறு.

மதிப்பிற்குரிய மச்சான் கைலாசம் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் மருதாசலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை ராமாயியும் மகள் வசந்தாமணியும் சுகம். பட்டறையில் லேத்தும் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும் சாலம்மாள் அக்காவின் சுகத்தையும் பண்ணையிலுள்ள பன்னிரண்டாயிரம் கோழிகளின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய மோகனூருக்குக் கடிதம் எழுதுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். கார்த்திகை பிறந்த பிறகு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் சாலம்மாள் அக்கா வாசலுக்கு வந்து, "அவரு தோட்டத்துக்குப் போயிட்டாருங்க தம்பி, எப்ப வருவாருன்னு தெரியலீங்க" என்றார்கள். தங்கள் செருப்பு வாசலில் இருந்தது. உள்ளே தாங்கள் இருமுவதும் கேட்டது. வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனவர் இருமலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை வந்து அக்காவை இன்னொரு பொய் சொல்ல வைக்க மனமில்லை. அதனால் இந்தக் கடிதம்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. தை பன்னிரண்டாம் தேதி வசந்தாமணிக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போக முடியாது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார், "பொண்ணோட மாமன் எங்கீங்க? கண்ணுலயே காணமே?" என்று மூன்று தடவை கேட்டார்கள். கேரளாவுக்கு லோடு போயிருக்கிறது, அதைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று மூன்று தடவையும் சொன்னேன். லோடு போனது உண்மை. அது திரும்பி வந்ததும் உண்மை. நடுவில் உள்ள ஒன்றுதான் பொய். வசந்தாமணி அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நேற்று சோறு போட்டுக்கொண்டே, "உங்க ட்ரேயி என்னவோ ஆகட்டுமுங்கப்பா, எனக்கு மாமன் வேணும்" என்றாள்.

தாங்கள் கோபத்தின் காரணத்தை வாயால் சொல்லவில்லை. டிரைவர் சென்றாயனிடம் ஒரு ட்ரேயைக் கொடுத்தனுப்பினீர்கள். முப்பது குழியிலும் முப்பது உடைந்த ஓடு, ஓட்டுக்குள் காய்ந்துபோன கரு, அதன்மேல் ஈ. "எங்க மச்சான் என்னப்பா சொன்னாரு?" என்று சென்றாயனைக் கேட்டேன். "ஒண்ணுமே சொல்லலீங்க. குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. ஆனா நாஞ் சொல்றனுங்க. வாளையார் செக்போஸ்ட் தாண்டறதுக்குள்ள பின்னாடி ஜலதரங்கம் வாசிக்கிற மாதிரி ஒரே சத்தமுங்க. வண்டிய ஓரங்கட்டிப் பாத்தா, தார்ப்பாய்ல இருந்து மஞ்சளா ஒழுகுதுங்க" என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் வருத்தத்தைவிட ரசனை அதிகம் இருந்தது. எனவே நடந்ததை ஆதியிலிருந்து முறையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஆனி மாதம் தாங்கள் பட்டறைக்கு வந்து, மழைநாளில் காகித அட்டை ஊறிப்போய் முட்டை நசுங்குகிறது, இனி பிளாஸ்டிக் ட்ரேதான், கடையில் விற்கிற ட்ரே வேண்டாம், நம் பண்ணை முட்டைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்க வேண்டும், விளிம்பில் 'கைலாசம் பண்ணை' என்று எழுத்து எழும்பி நிற்க வேண்டும் என்றீர்கள். நான் செய்கிறேன் என்றேன். முப்பது வருடம் லேத்தில் நின்றவன் முப்பது குழிக்கு அஞ்சுவதா? ஆனால் கோயம்புத்தூரில் அச்சு வெட்டும் பட்டறைக்காரர், முப்பது குழியும் ஒன்றுபோல் வர வேண்டுமானால் மெஷின்தான் வெட்ட வேண்டும், அந்த மெஷினுக்கு மனிதர் பேச்சு புரியாது, கம்ப்யூட்டரில் வரைந்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்தால்தான் புரியும் என்று சொல்லிவிட்டார். யாராவது படித்த பையனை வைத்து வரைந்துகொள்ளலாம் என்று ராமாயி சொன்னாள். மச்சான் என்னிடம் சொன்ன வேலையை இன்னொருவன் கையில் கொடுப்பதா என்று நான்தான் மறுத்தேன். அந்த ரோஷம் இல்லாதிருந்தால் இந்தக் கடிதமும் இல்லை.

ஆடி மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள் சேலத்துக்கு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. உள்ளே ஏற்காட்டு மார்கழி மாதிரி குளிர். வேட்டி கட்டிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கிறது என்று. சொல்லிக்கொடுத்தது சௌந்திரம் என்ற ஆத்தூர்ப் பெண். டிப்ளமோ படித்தவள், பொறுமைசாலி. என்னைத் திட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மூன்று மாதத்தில் அந்தக் கண்ணாடி மிகவும் சுத்தமாகிவிட்டது.

நேர்கோடு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வளைவில்தான் வினை. முதலில் ஒரு வட்டம் போட்டேன். நன்றாக இருந்தது. கிட்டத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் வட்டத்துக்கு மூலைகள் இருந்தன. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது வட்டந்தான் சார். கம்ப்யூட்டர் அவசரத்துக்கு மூலையாக் காட்டுது. மறுபடி வரையச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றாள். என் லேத்துக்கும் எத்தனையோ அவசரம் வந்திருக்கிறது. ஒரு நாளும் அது வட்டத்துக்கு மூலை வைத்ததில்லை. ஆனால் படிக்கப்போன இடத்தில் நம் லேத்தின் பெருமையைப் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

முட்டை என்பது வட்டம் இல்லை, கோழிகள் அதை எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டு இடுவதில்லை. தடித்த பக்கம் ஒரு வில், கூர்த்த பக்கம் ஒரு சின்ன வில், நடுவில் இரண்டையும் சேர்க்க ஒரு நீள வில். காகிதத்தில் வளைபலகையை வைத்து ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். கம்ப்யூட்டரிலோ ஒவ்வொரு வில்லுக்கும் எங்கே தொடங்குகிறாய், எங்கே முடிக்கிறாய், உன் மையம் எது என்று கேட்கிறது. சொன்னால் வரைகிறது. வரைந்த மூன்றும் சேரும் இடத்தில் ஒரு நெளிவு. என் முட்டைக்கு இடுப்பு விழுந்தது. அதை நிமிர்த்த இருபது நாள் ஆயிற்று. பிறகு பாதி முட்டையின் கோட்டை ஒரு அச்சைச் சுற்றித் திருப்பச் சொன்னால் முழு முட்டை வந்துவிடும் என்றாள் டீச்சர். இது எனக்குப் புரிந்தது. லேத்தும் இதைத்தான் செய்கிறது. சந்தோஷமாகத் திருப்பினேன். வந்தது முட்டை அல்ல. ஆறு பட்டை. கார்த்திகைக்குக் கட்டித் தொங்கவிடும் காகிதக் கூண்டு மாதிரி இருந்தது.

"எத்தனை பட்டைன்னு நீங்க சொல்லல சார். சொல்லலைன்னா அதுவா ஆறு வச்சுக்கும்" என்றாள் டீச்சர்.

"பட்டையே வேண்டாம்மா."

"பட்டை இல்லாம அதுக்கு வளைக்கத் தெரியாது சார். நெறைய பட்டை குடுத்தா பாக்க வளைவாத் தெரியும். அவ்ளோதான்."

மச்சான், இதைக் கேட்ட அன்று சேலம் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் வளைவு என்று நான் நம்பியதெல்லாம் இந்த மெஷினுக்குள் சின்னச் சின்ன நேர்கோடுகளாம். மறுநாள் போய் நாற்பத்தெட்டு பட்டை கேட்டேன். யோசிக்க ஆரம்பித்தது. நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். யோசித்துக்கொண்டிருந்தது. டவுன் பஸ் இரண்டு போயிற்று. முட்டை முக்கால்வாசி வந்த சமயத்தில் கரண்ட் போயிற்று. இருட்டில் டீச்சரின் குரல், "சேவ் பண்ணீங்களா சார்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் அவள் கண்ணாடியைத் துடைத்த சத்தமும்தான் அன்றைய பாடம்.

இதற்கிடையில், ஆவணியில், சாம்பிளுக்கு முப்பது முட்டை அனுப்பும்படி தங்களுக்குச் சொல்லியிருந்தேன். வந்தது. அன்றுதான் மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பெண் பார்க்க வந்திருந்த நாள். கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது துண்டு போர்த்திய அட்டை வந்து இறங்கியது. இது எங்க மச்சான் பண்ணை முட்டை என்று நான் நாலு வார்த்தை பெருமையாகச் சொன்னேன். ராமாயி அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு முட்டைக்கும் நீளம், அகலம், கூர்முனையிலிருந்து வயிறு எவ்வளவு தூரம் என்று மூன்று அளவு எடுத்து எழுதினேன். முப்பதுக்கும் சராசரி போட்டேன். நீளம் அறுபத்தாறு புள்ளி எட்டு மில்லிமீட்டர். அகலம் நாற்பத்தாறு புள்ளி ஒன்பது. கோழி இட்ட பிறகு ஒரு முட்டையை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். முட்டை கெட்டுப்போகுமே என்பதற்காக அதே அளவில் வாகை மரத்தில் ஒரு முட்டை கடைந்து வைத்துக்கொண்டேன். லேத்தில் கால் மணி நேரம் ஆயிற்று. கம்ப்யூட்டரில் இரண்டு மாதம் ஆனதை இங்கே நான் ஒப்பிடவில்லை.

புரட்டாசி பிறந்ததும் சென்டரில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் முட்டை கூடாது என்றார்கள். மர முட்டையைக் கொண்டுபோனேன். டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முட்டை இவ்ளோ பெருசாவா சார் இருக்கும்? எங்க வீட்ல வாங்க மாட்டாங்க, எனக்குத் தெரியாது" என்றாள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது சாதாரண முட்டை இல்லம்மா, எங்க மச்சான் பண்ணை முட்டை" என்றேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் திரையில் ஒரு புள்ளி இருந்தது. முட்டையின் வயிற்றில் சரியாக. அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். முட்டையின் பாதி அழிந்தது, புள்ளி அழியவில்லை. நான்கு தடவை இப்படி. கடைசியில் டீச்சர் வந்து விரலால் துடைத்தாள். சந்தனம். பிறகு படத்தை ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் ஃப்ளாப்பியை பட்டறையில் காந்தத் தாங்கியின் மேல் பத்திரமாக வைத்தேன். இரும்பைப் பிடிக்கிற காந்தம் முட்டையையும் பிடுங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது ஃப்ளாப்பியை, பட்டறைக்குப் போனால்தானே ஆபத்து என்று ராமாயியிடம் கொடுத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள் என்று அவள் சாமி படத்தடியில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டாள். கோயம்புத்தூர் மெஷின் அதைப் படிக்க மறுத்தது. அதற்கு பக்தி இல்லை. மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அச்சு வெட்டி, ஐந்நூறு ட்ரே வார்த்து வந்தது. மர முட்டையை ஒரு குழியில் வைத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. தாங்களும் ஆட்டிப் பார்த்தீர்கள். என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததைச் சென்றாயன் சொன்னபடி மேலே எழுதிவிட்டேன். உடைந்த ட்ரே வந்த மறுநாள் மனம் கேட்காமல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஆம்லெட்டுக்கு ஒரு முட்டையை எடுத்தார். எனக்கு ஏதோ உறுத்தியது.

"ஏனுங்க, இது என்ன முட்டைங்க? வாத்தா, புறாவா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோழி முட்டைதானுங்க. காலைல உங்க மச்சான் பண்ணையிலிருந்துதான் வந்து எறங்குச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

பையில் வெர்னியர் இருந்தது. அவர் அனுமதியோடு அட்டையிலிருந்த இருபது முட்டையையும் அளந்தேன். டீ குடிக்க வந்தவர்கள் சுகாதார இலாகா என்று நினைத்து விலகி நின்றார்கள். சராசரி நீளம் ஐம்பத்தாறரை. நம் குழிக்கும் முட்டைக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு முட்டையின் அளவு தெரியாதா என்று தாங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. பார்த்திருக்கிறேன். ஆனால் அளந்தது அந்த முப்பதைத்தான். அளந்த பிறகு கண்ணை நம்பும் வழக்கம் என் தொழிலில் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அளந்து முடித்த அந்த முட்டைகளை ராமாயி ஒரு வாரம் குழம்பு வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கரு. அதைச் சுவை என்று சாப்பிட்டேனே தவிர, செய்தி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பண்ணைகளில் இரட்டைக் கரு முட்டையை விற்பனைக்குப் போடாமல் தனியே எடுத்து வைத்து சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம்தானே. இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை, மச்சான். நாத்தனார் வீட்டுக்கு முட்டை போகிறது என்றால் எந்தப் பெண்தான் சுமாரான முட்டையைப் பொறுக்கிப் போடுவாள்? சாலம்மாள் அக்காவுக்கு அப்படிப்பட்ட கை இல்லை. இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது அவர்களின் பெரிய மனசு. அந்தப் பெரிய மனசை நான் வெர்னியர் வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, முப்பது குழியாக வெட்டிவிட்டேன். அதற்குள் சாதாரண முட்டைகள் உருண்டு செத்தன. கம்ப்யூட்டர் மேலும் தப்பில்லை, வெர்னியர் மேலும் தப்பில்லை, என் கை மேலும் தப்பில்லை என்பதைத் தாங்கள் இப்போது ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அளவை மாற்றிக் கொடுத்தால் படம் பத்து நிமிஷத்தில் மாறிவிடும் என்கிறாள் டீச்சர். வெட்டிய இரும்பு அப்படி மாறாது. மறுபடி வெட்டித் தருகிறேன். அது என் பொறுப்பு. இருக்கும் ஐந்நூறு ட்ரேயில் எலுமிச்சம்பழம் கச்சிதமாக உட்காருகிறது, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆகும். ஆனால் விளிம்பில் தங்கள் பெயர் எழும்பி நிற்கிறது. தங்கள் பெயர் மண்டபத்துக்கு வந்து தாங்கள் வராவிட்டால், மாப்பிள்ளையின் தாயார் நான்காம் தடவை கேட்பார்கள். எனக்கு இன்னொரு லோடு பாக்கியில்லை.

சாலம்மாள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கோழிகளுக்குச் சீக்கு ஏதும் அண்டாமல், தீவனம் தட்டாமல், லாரிகள் ஒழுகாமல், தாங்கள் எல்லா வளமும் பெற்று இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். வசந்தாமணி தன் மாமனைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குரிய,
மருதாசலம்.

பின்குறிப்பு: எந்தக் கடிதத்தையும் ஒட்டும் முன் ராமாயிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். 'அக்காவின் பெரிய மனசு' என்ற இடத்தில் அரிவாள்மணையில் கை நின்றது.

"சாலம்மா நங்கை மேல பழியப் போடாதீங்க. அவங்க அனுப்புனது நீங்க கேட்டாப்பல விக்கிற முட்டைதானுங்க."

"அப்புறம் ரெண்டு கரு எங்கிருந்து வந்துச்சு?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னால எங்கண்ணன் பண்ணை முட்டைன்னு அத்தனை பெருமை பேசிப்போட்டீங்க. மாப்பிள்ளையோட அம்மா போறப்ப எங்க காட்டுங்கன்னு கேட்டா? இத்தினியூண்டு முட்டைக்கா இத்தனை பேச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா? ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியாப் போயி பக்கத்துல பாவாயி பண்ணையில முப்பதும் ரெட்டைக் கருவா வாங்கியாந்து மாத்தி வெச்சுப்போட்டனுங்க."

"நான் அளக்கறப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தா ஆரு பேச முடியுது?"

அடுத்த அவரைக்காயை எடுத்துக்கொண்டே அவளே சொன்னாள்: "தப்பு ராமாயி மேலன்னு எழுதுங்க. உங்க மேலயோ நங்கை மேலயோன்னா எங்கண்ணன் வர மாட்டாரு. எம்மேலன்னா, வந்து நாலு வார்த்தை வைஞ்சுபோட்டாவது பட்டங் கட்டிட்டுத்தான் போவாரு."

ஆவணி மாதம் பாவாயி பண்ணையில் கோழிகள் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருந்தனவா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. விசாரிக்கவில்லை. இந்த வருடம் நான் அளந்தது போதும். ஆகையால் மேலே எழுதியிருப்பது அத்தனையும் தவறு என்று கொள்ளவும். தப்பு தங்கள் தங்கையுடையது. அவளை வைவதற்காவது தை பன்னிரண்டாம் தேதி விடிவதற்குள் வந்து சேரவும். வரும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வரவும்.